மொட்டை மாடியில் சோலார் வைக்கலாமா? குமரி மாவட்டத்து வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். 2025 ஜனவரியில் மாடியில் பேனல் ஏறியதிலிருந்து, கல்யாண வீடு, சாவு வீடு, சந்தை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் நிறுத்தி விசாரிக்கிறார். வைக்கலாமா, எவ்வளவு ஆச்சு, லாபம் உண்டா? நின்றபடி சொன்ன பதில்களை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். லட்சக்கணக்கில் பணம் போடுகிற காரியம். கேட்டவர்களில் சிலருக்கு "வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு சோலார் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாடிக்குப் போகாதீர்கள். முதலில் கரண்ட் பில்லை எடுங்கள். கடைசி ஆறு பில், அதாவது ஒரு வருடக் கணக்கு. ரூபாயைப் பார்க்க வேண்டாம், யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்.

இங்கே நான் சொல்வது 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணக் கணக்கு. அதன்படி தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு இரண்டேகால், இரண்டரை ரூபாய் அளவில்தான் வரும். அதற்கப்புறம்தான் ஏணி செங்குத்தாகிறது. 400-ஐத் தாண்டினால் யூனிட் ஆறு ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800-க்கு மேல் பத்தைத் தாண்டும், 1000-க்கு மேல் பதினொன்றையும் தாண்டும். 500-க்கு மேல் போகிற வீட்டுக்கு அந்த இரண்டாவது நூறின் சலுகையும் போய்விடும்.

அதனால் 200 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு இரண்டு மாத பில் இருநூற்று சொச்சம் ரூபாய்தான். 300 யூனிட் என்றால் எழுநூறு ரூபாய் அளவு. 700 யூனிட் எரித்தால் மூவாயிரத்து எண்ணூறுக்கு மேல் போகும். 1000 என்றால் ஏழாயிரத்தை ஒட்டி வரும்.

சோலார் உங்கள் மீட்டரின் மொத்தத்திலிருந்து யூனிட்டைக் கழிக்கிறது. கழிவது எப்போதும் உச்சியிலிருந்து, விலை கூடிய யூனிட்டிலிருந்து. உச்சியே இல்லாத வீட்டில் கழிக்க என்ன இருக்கிறது? வருடத்தில் நான்கு பில்லாவது 500 யூனிட்டைத் தாண்டினால் மேற்கொண்டு படியுங்கள். எல்லாமே 300-க்குள் என்றால், பணத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு சோலார் அவசரமில்லை.

சரி, 700 யூனிட் வருகிறது. எத்தனை கிலோவாட் போட வேண்டும்?

எல்லாரும் சொல்வது "மூணு கிலோவாட் போடுங்க, மானியம் முழுசா கிடைக்கும்". நான் வேறு மாதிரி கணக்குப் போடுகிறேன்.

ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு சராசரியாக நான்கு யூனிட் தரும். மழை மாதங்களையும் சேர்த்துக் கொஞ்சம் குறைத்தே வைப்போம்: இரண்டு மாதத்துக்கு 2 கிலோவாட்டில் 450 யூனிட், 3 கிலோவாட்டில் 680 யூனிட். விலை 2 கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய கொட்டேஷனை வைத்து இந்த இரண்டு எண்களையும் மாற்றிக்கொள்ளலாம். மத்திய அரசு மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. கையிலிருந்து போவது 80,000, அல்லது 1,22,000.

2 கிலோவாட் போட்டால் 700-இல் 450 போய் 250 யூனிட் மிச்சம். அதற்கு பில் ஐந்நூறு ரூபாய்க்குள். மூவாயிரத்து எண்ணூறு ஐந்நூறாகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய் மிச்சம், போட்ட 80,000 நான்கு வருடத்தில் திரும்பும்.

3 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட்டுக்காக நீங்கள் கூடுதலாகப் போட்டது 42,000. அது மிச்சப்படுத்துவது அந்த ஐந்நூறு ரூபாய் பில்லை மட்டும், அதாவது வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்கும் கீழே. அது திரும்ப பதினான்கு, பதினைந்து வருடமாகும். மேலும் 100 யூனிட் அரசு இலவசமாகத் தரும்போது அந்த நூறையும் பேனல் போட்டுத் தயாரிப்பதில் என்ன பிரயோஜனம்?

அடுத்த வருடம் ஏசி வாங்கப் போகிறீர்கள், மின்சார ஸ்கூட்டர் வரப்போகிறது, மகனுக்குக் கல்யாணமாகி மேல்மாடியில் குடும்பம் வரப்போகிறது என்றால் 3 கிலோவாட் சரி. "பில்லே வரக்கூடாது" என்ற ஆசைக்காக மட்டும் கூட்டாதீர்கள். 250 யூனிட் வரைக்கும் மின்வாரியத்திடம் வாங்குவதே மலிவு.

பெரிய வீடு, நான்கு படுக்கையறை. ஆனால் இருப்பது அப்பாவும் அம்மாவும் மட்டும். பிள்ளைகள் வளைகுடாவில். போடலாமா?

நம் மாவட்டத்தில் இந்த வீடுகள்தான் எத்தனை! சோலார் விற்க வருகிறவர் வீட்டின் அகலத்தைப் பார்த்து 5 கிலோவாட் சொல்வார். பில்லைப் பார்த்தால் 220 யூனிட்டாக இருக்கும். பிள்ளைகள் லீவுக்கு வருகிற இரண்டு மாதம் மட்டும் 1100-க்கு ஏறும்.

இந்த வீட்டுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வருடத்தில் ஒரே ஒரு பெரிய பில்லுக்காக மாடி நிறையப் பேனல் வைத்தால், மற்றப் பத்து மாதமும் மின்சாரம் லைனுக்குப் போகும். மிச்சமாகும் யூனிட் அடுத்தடுத்த பில்லுக்குச் சேர்ந்தாலும், நிதியாண்டு முடிவில் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். அப்போது கிடைக்கும் விலை, நீங்கள் உச்சித் தட்டில் கொடுக்கும் விலையை விட ரொம்பக் குறைவு. தவிர, எழுபது வயது அப்பா பேனல் கழுவ மாடி ஏறுவதையும் யோசிக்க வேண்டும்.

சோலாருக்கு முன்னால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. மின்விசிறி.

பழைய விசிறி 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்று விற்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் விசிறி 30 வாட் சுமார். ஐந்து விசிறி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் மிச்சமாவது நாளுக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 160 யூனிட். 640 எரிக்கிற வீடு 480-க்கு வந்துவிடும், 500 என்ற கோட்டுக்குக் கீழே. ஐந்து விசிறியின் விலை சோலாருக்கு நீங்கள் போடும் பணத்தில் ஒரு சிறு பங்கு. இதைச் செய்த பிறகும் பில் 500-க்கு மேல் நின்றால் அப்புறம் மாடியைப் பாருங்கள். அப்போது 3 கிலோவாட் தேவைப்பட்ட வீட்டுக்கு 2 போதும்.

கரண்ட் போனால் சோலார் ஓடும்தானே?

ஓடாது. இதைத் தெரியாமல் வாங்கி மனம் நொந்தவர்கள் அதிகம். அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மானியத்தில் பெரும்பாலோர் போடுவது லைனோடு இணைந்த வகை. லைனில் மின்சாரம் நின்றதும், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். நல்ல வெயிலடித்தாலும் வீட்டில் விளக்கு எரியாது. காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. ஓலை விழுந்து கம்பி அறுந்திருக்கிறது, லைன்மேன் கம்பத்தில் ஏறி நிற்கிறார் என்று வையுங்கள். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால் அவர் கதி என்ன? அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

2017 நவம்பர் 30-ஐ நம் ஊரில் யாரும் மறக்க மாட்டோம். ஒக்கி புயலில் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. "அது மாதிரி வந்தா சோலார் இருந்தா தப்பிச்சுக்கலாம்" என்று நினைத்துத்தான் பலர் கேட்கிறார்கள். அந்த எண்ணத்தில் போடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது பேட்டரி சேர்ந்த ஹைபிரிட் வகை. விலை நன்றாகவே கூடும், பேட்டரியை சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். சாதாரண மின்தடைக்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் யுபிஎஸ் போதும். அதைக் கழற்ற வேண்டாம், சோலார் பாட்டுக்கு சோலார், அது பாட்டுக்கு அது.

நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். போட்ட பணத்துக்கு உற்பத்தி இருக்குமா?

இருக்கும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவம், அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. அந்த மாதங்களில் உற்பத்தி இறங்கும், விடாமல் பெய்கிற நாளில் 2 கிலோவாட்டும் இரண்டு மூன்று யூனிட்டோடு நின்றுவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அள்ளித் தரும். விசிறியும் ஏசியும் அதிகம் ஓடுகிற மாதங்கள் மார்ச்சும் ஏப்ரலும்தானே, அது நமக்குச் சாதகம். திருவட்டார், குலசேகரம் பக்கம் மலையடிவார மேகம் கூடுதல். ஆரல்வாய்மொழி, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வெயில் கூடுதல். விற்பவர் மாவட்டம் முழுக்க ஒரே எண் சொன்னால், உங்கள் ஊரில் ஏற்கெனவே போட்ட ஒரு வீட்டின் நவம்பர் மாதக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டைச் சுற்றித் தென்னை. நிழல் ஒரு பிரச்சினையா?

நம் மாவட்டத்தில் இதுதான் முதல் பிரச்சினை. விளையின், அதாவது தோப்பின் நடுவில் வீடு கட்டி வாழ்கிற ஊர் இது. நாங்கள் பட்டதும் இதில்தான்.

ஜனவரியில் அளவெடுக்க வந்தவர் தெற்கே இருக்கும் மரங்களை மட்டும் பார்த்தார். வடக்குச் சுவரை ஒட்டி இரண்டு தென்னை நிற்கிறதே என்று அம்மா கேட்டதற்கு, "வடக்கே நிக்கிற மரம் ஒண்ணும் செய்யாதும்மா, சூரியன் தெக்கேதான் போகும்" என்றார். வட இந்தியாவுக்கு அந்தச் சொல் சரி. குமரி இருப்பது 8 டிகிரி வடக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. மே மாதம் உற்பத்தி குறைந்தது, மேகம் என்று நினைத்தேன். ஜூனில் மழை விட்ட ஒரு நாள் நண்பகலில் மாடி ஏறினால், தென்னை ஓலையின் நிழல் விசிறி மாதிரி விரிந்து வடக்கு வரிசைப் பேனலில் அசைந்துகொண்டிருந்தது. பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் கீழே இழுக்கும். பிறகு அந்த வரிசையை ஐந்தடி தெற்கே நகர்த்த மறுபடியும் கூலி கொடுத்தோம்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். வெயிலடிக்கும் ஒரு நாள் சாக்பீஸோடு மாடிக்குப் போய், காலை 9 மணி, 12 மணி, மாலை 3 மணிக்கு விழும் நிழலின் ஓரத்தைத் தரையில் வரைந்து நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் ஆசையாகச் செய்வார்கள். ஜனவரியை ஒட்டி ஒரு முறை, ஜூனை ஒட்டி ஒரு முறை. இரண்டிலும் கோடு தொடாத இடம்தான் பேனலுக்கு உரிய இடம். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். 200 சதுர அடி சுத்தமாகக் கிடைக்காவிட்டால், பேனலுக்குத் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்கும் முறையை விசாரியுங்கள், நிழலின் சேதம் குறையும். அப்புறம், இன்று பத்தடி நிற்கிற தென்னம்பிள்ளை பத்து வருடத்தில் எங்கே நிற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேனலின் ஆயுள் இருபத்தைந்து வருடம்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோர வீட்டுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

உப்புக்காற்று பேனல் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, பேனலைத் தாங்கும் இரும்பைத் தின்னும். ஒரு கடலோர வீட்டு மாடியில் பார்த்தேன்: பேனல் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நட்டின் அடியிலிருந்தும் காவி நிறத்தில் ஒரு கோடு காலின் வழியே இறங்கித் தரையில் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் துரு பொடியாக வந்தது. இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது.

சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ ஆகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். வெள்ளைப் பெயின்ட் அடித்த சாதாரண இரும்பை ஏற்காதீர்கள். நட்டும் போல்ட்டும் எவர்சில்வர், கடலை ஒட்டி என்றால் 316 வகை. பேனலுக்கு உப்புப்பனி சோதனைச் சான்று, ஐஇசி 61701, இருக்கிறதா என்று கேளுங்கள். இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம். இவை எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னது நட்டு மாட்டும் நேரத்தில் காணாமல் போகும்.

காற்றில் பறக்காதா? துளை போட்டால் மாடி ஒழுகாதா?

இரண்டு பயமும் நியாயமானவை. உயரத் தூக்கிக் கட்டினால் அடியில் துணி காயப்போடலாம் என்று பலர் எட்டடிக்கு ஏற்றுகிறார்கள். உயரம் கூடக்கூடக் காற்றின் பிடியும் கூடும், அதற்கேற்ற கனத்தில் சட்டம் வேண்டும். தளத்தில் துளையிடாமல் கான்கிரீட் கட்டை வார்த்து அதில் காலைப் பிடிக்கும் முறை உண்டு. துளைதான் என்றால் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பிப் பிடிக்கும் போல்ட்) போட்டு, உங்கள் கொத்தனாரை நிறுத்தி அன்றே நீர்க்காப்பு செய்துவிடுங்கள். மழைக்குப் பயந்து மாடி மேல் ஏற்கெனவே ஷீட் போட்டிருந்தால், அதன் மேல் கிளாம்பால் பிடிக்கலாம். ஆனால் ஷீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பி இன்னொரு இருபது வருடம் தாங்குமா என்று முதலில் வெல்டரிடம் காட்டுங்கள்.

ஓட்டு வீடு. முடியுமா?

பழைய நாட்டு ஓட்டின் மேல் வேண்டாம். ஒரு பேனல் 25 கிலோவுக்கு மேல் வரும், மரச்சட்டத்தின் வயதும் தெரியாது. கார் ஷெட், தொழுவம், முற்றத்துக் கான்கிரீட் தளம் ஏதாவது இருந்தால் அங்கே வைக்கலாம்.

மானியம் எப்படிக் கிடைக்கும்? யார் பெயரில் விண்ணப்பிப்பது?

திட்டத்தின் பெயர் பிஎம் சூர்ய கர், 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்து, வரும் மின்சாரத்தையும் போகும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் மாட்டிய பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். நிறுவனத்துக்கு முழுத்தொகையையும் முதலில் நீங்கள் கொடுக்க வேண்டும், கையில் அதைத் தயாராக வையுங்கள். வங்கிகள் இதற்கென்றே குறைந்த வட்டிக் கடனும் தருகின்றன. இந்தியாவில் தயாரான செல்லும் பேனலும் இருந்தால்தான் மானியம். "வெளிநாட்டுச் சரக்கு, விலை குறைவு" என்று யாராவது சொன்னால் அந்த 60,000 போய்விடும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் வீடுகள் சிக்கிக்கொள்வது பெயரில். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், வீட்டு வரி அப்பா பெயரில், வங்கிக் கணக்கு மகன் பெயரில். பாகம் பிரித்தும் பட்டா மாறாமல் கிடக்கும். முதலில் மின் இணைப்பைப் பெயர் மாற்றம் செய்யுங்கள். அண்ணன் தம்பி கூட்டுச் சொத்து என்றால் எல்லாரிடமும் பேசி முடித்துவிட்டுப் போடுங்கள். இருபத்தைந்து வருடம் மாடியில் இருக்கப்போகிற பொருளைப் பற்றி பாகம் வைக்கும் நாளில் பேச ஆரம்பிக்கக் கூடாது. இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்பதையும் பில்லில் பாருங்கள், சோலார் அதைத் தாண்டினால் சுமையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

முப்பந்தலில் அவ்வளவு காற்றாலை இருக்கிறதே, வீட்டுக்குச் சின்னக் காற்றாலை வைத்தால் என்ன?

அந்தக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயின் சொத்து. மலை இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வருவதால்தான் அந்த வேகம். அதையும் உயர்ந்த கோபுரத்தில் பிடிக்கிறார்கள். வீட்டு உயரத்தில், தென்னைகளுக்கு நடுவில் காற்று உடைந்து சுழன்றுதான் வரும். சோலார் மானியமும் அதற்குக் கிடையாது.

இடி மின்னலுக்கு?

இடிதாங்கி, சர்ஜ் பாதுகாப்பு (திடீரென்று பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி), தனித்தனி எர்த் குழிகள். விலை குறைக்கப் பேரம் பேசும்போது முதலில் கழற்றப்படுவது இவைதான். விடாதீர்கள், முக்கியமாக மலையோர ஊர்களில்.

பராமரிப்பு எவ்வளவு வேலை?

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதிகாலையில், பேனல் சூடேறுவதற்கு முன் நல்ல தண்ணீர் ஊற்றி மெத்தென்ற துடைப்பானால் துடைத்தால் போதும். ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீர் வெள்ளைக் கறை விடும், வேண்டாம். மேற்கே ஈரம் அதிகமான ஊர்களில் பேனலின் கீழ்விளிம்பில் பச்சையாகப் பாசி பிடிக்கும், அதைக் காய விடாமல் துடைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும், அதற்கு வருடா வருடம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பேனலுக்காகத் தென்னையை வெட்டலாமா?

போன மாதம் உறவுக்காரர் ஒருவர் இதைக் கேட்டார். அவர் வீட்டுத் தெற்குப் பக்கம் மூன்று மரம், நல்ல காய்ப்பு. அவரோடு மாடி ஏறி சாக்பீஸில் கோடு போட்டுப் பார்த்தோம். மாடியின் மேற்குப் பாதியில் நிழல், கிழக்குப் பாதியில் 9 மணி முதல் 2 மணி வரை சுத்த வெயில். அந்தப் பாதியில் நான்கு பேனல் தாராளமாக அடங்கும். 2 கிலோவாட்டுக்கு அது போதும், அவருடைய பில்லுக்கும் அதுதான் தேவை. மரத்தைத் தொடவில்லை. முற்றிய காயும் காய்ந்த மட்டையும் பேனலில் விழாதபடி, தேங்காய் வெட்ட ஆள் வருவதை ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.